ஒரு ரூபாய் கூடுதல்

அத்தியாயம் ஆறு

ஏலம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் பார்த்து வளர்ந்தவன் நான். கூடையைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள். கேட்பவன் வாயைத் திறந்து கேட்பான். அடுத்தவன் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மேலே கேட்பான். தோற்றவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவான். யாரிடம் தோற்றோம் என்பதாவது அவனுக்குத் தெரியும்.

முகம் காட்டாமல், பெயர் சொல்லாமல், நேரம் முடியும் வரை பதுங்கியிருந்து, கடைசி நொடியில் ஒரே ஒரு ரூபாய் கூட வைத்துப் பொருளைத் தூக்கிக்கொண்டு போகிறவனை நான் ஏலதாரன் என்று சொல்ல மாட்டேன்.

"அந்த மாதிரி ஆளுக்கு ஸ்னைப்பர்னு பேரு சார்," என்றாள் தமிழினி. "மறைஞ்சிருந்து சுடுறவன்."

"எங்கள் டிபார்ட்மென்டில் அவனுக்கு வேறு பேர்."

"சட்டப்படி தப்பே இல்ல சார். ரூல்ஸ்ல இடம் இருக்கு."

"மானத்தில் இடம் இல்லை."

"அதுக்கு வெப்சைட்ல தனி பட்டன் இல்லியே சார்."

தமிழினி என் உதவியாளர். எம்.சி.ஏ. படித்தவள். குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்ற ராமாமிர்தம் என்ற என்னிடம் கம்ப்யூட்டர் வேலைக்கென்று சேர்ந்தாள். சம்பளத்துக்குக் கால்வாசி வேலை, முக்கால்வாசி வாய்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது என் பள்ளித் தோழன் சுப்பராயலுவின் வீட்டுக் கூடத்தில். வியாழக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். சுவரில் அவனுடைய தாத்தாவின் படம். கடலில் கவிழ்ந்த சரக்குக் கப்பலிலிருந்து ஆட்களை ஒவ்வொருவராகத் தன் கட்டுமரத்தில் ஏற்றிக் கரைசேர்த்தவர். அதற்காகக் கவர்னர் அவர் சட்டையில் ஒரு வெள்ளிப் பதக்கம் குத்தினார். அந்தப் பதக்கத்தை வைத்துத்தான் இந்த மீனவக் குடும்பத்தை ஊர் நிமிர்ந்து பார்த்தது. மகன்கள் படித்தார்கள், பேரன்கள் உத்தியோகம் பார்த்தார்கள்.

இப்போது அந்தப் பதக்கம் ஏலத்தில் நின்றது. பெட்டியோடு அதை வைத்திருந்த சுப்பராயலுவின் தம்பி புதுச்சேரியில் தனியாக இறந்துபோனான். வீட்டுக்காரன் பெட்டியைப் பழம்பொருள் கடைக்கு விற்றுவிட்டான். கடைக்காரர் ஒவ்வொரு பொருளாக இணையத்தில் ஏலம் விட்டார். கடைக்குப் போய்ப் பேசி வாங்கச் சொன்னேன். சுப்பராயலு மறுத்துவிட்டான்.

"எங்க தாத்தா சாமானுக்கு நான் ஒருத்தன்கிட்டப் போயிப் பல்லைக் காட்டணுமா? ஏலத்துலதான் எடுப்பேன். கேட்டு எடுப்பேன்."

கேட்டான். தோற்றான். பித்தளைத் தொலைநோக்கி போனது. கப்பல் மணி போனது. வெள்ளிக் கூஜா போனது. மூன்றும் 'பிளாக் ஈகிள்' என்ற பெயரில் ஒளிந்திருந்த ஒருவனிடம், மூன்றும் கடைசி நொடிகளில், மூன்றும் ஒரே ஒரு ரூபாய் வித்தியாசத்தில். வாங்கியவன் விலாசத்தைக் கடைக்காரர் தர மறுத்துவிட்டார். பெட்டியில் மீதியிருந்தது பதக்கம் மட்டும். நாளை, வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டே காலுக்கு அதன் ஏலம் முடிகிறது.

"ஒரு ரூபாய்க்குத் தோக்குறதுன்னா என்ன அர்த்தம், ராமாமிர்தம்?" சுப்பராயலு குரலைத் தாழ்த்தவில்லை. அவனுக்குக் காது மந்தம், தாழ்த்தத் தெரியாது. "நான் உச்சமா எவ்ளோ போட்டிருக்கேன்னு எவனுக்கோ தெரியும்னு அர்த்தம். அந்தத் தொகையைத் தட்டுறது யாரு? அந்தப் பொண்ணு."

அந்தப் பொண்ணு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தது. பிரிசில்லா. சுப்பராயலுவின் மகன் அன்பரசு காதலித்துக் கட்டிக்கொண்டவள். இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியும் சுப்பராயலு வாயிலிருந்து மருமகள் என்ற சொல் வந்ததில்லை.

"மாமா, உங்க பீரோ சாவி எங்க தொங்குதுன்னு எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "எடுக்கணும்னா அதை எடுத்திருப்பேன். இன்டர்நெட் பில்லும் கட்டிக்கிட்டு எவளாவது திருடுவாளா?"

"பாத்தியா வாயை? ராகு காலத்துல போயி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்தவதானே. வெள்ளிக்கிழமை, பதினோரு மணி! வேற எப்படி இருக்கும்? கேட்டுக்கோ ராமாமிர்தம். நாளைக்குப் பதக்கமும் போச்சுன்னா இவளும் இவ புருஷனும் நாளைக்கே வெளிய போவணும். இந்த வீட்டை என் பொண்ணு அமராவதி பேருக்கு எழுதிடுவேன்."

பிரிசில்லா உள்ளே போய்விட்டாள். பாத்திரம் தேய்க்கும் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

"அந்தப் பொண்ணு மேல சந்தேகம் முதல்ல யாருக்கு வந்துச்சு?" என்று கேட்டேன்.

"எனக்கு ஏன் வருது? நம்ம மாப்ள, அமராவதி புருஷன் ராஜவேலுதான் கண்ணைத் தொறந்து வச்சாரு. தொலைநோக்கி ஏலம் முடியறப்ப சிதம்பரத்துலேருந்து வந்து இதே சோபாவுல என் பக்கத்துலதான் உக்காந்து வடை தின்னுட்டிருந்தாரு. போனதும் அவருக்கே பொறுக்கல. 'மாமா, கோவிச்சுக்காதீங்க, கம்ப்யூட்டர் முன்னாடி யாரு உக்காருறாங்கன்னு பாருங்க'ன்னாரு."

தமிழினி என்னைப் பார்த்தாள். "கையில வடை. அப்ப அவரை விட்டுடலாம் சார். எண்ணெய்க் கையோட மவுசைத் தொட்டிருக்க முடியாது."

"உச்சத் தொகை வேற யாருக்குத் தெரியும்?" என்றேன்.

சுப்பராயலுவின் மச்சான் பூவராகன் மூலையிலிருந்து சிரித்தார். மனைவியின் அண்ணன், இந்த வீட்டோடு இருப்பவர், நெற்றி நிறைய திருமண். "எனக்குத் தெரியும். எதிர்வீட்டுக்குத் தெரியும். மச்சான் ராத்திரியானா அமராவதிக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல 'எட்டாயிரத்துக்கு மேல ஒரு பைசா வைக்க மாட்டேன்'னு கத்துவாரு. முனிசிபாலிட்டி மைக் எதுக்கு?"

சுப்பராயலு முறைத்தான். நான் எழுந்தேன். கடைத்தெருவில் இருக்கும் என் அறைக்குப் போய் யோசிக்க வேண்டும். தமிழினி பையை மாட்டினாள்.

"ஏங்க, இருங்க இருங்க," பூவராகன் கையை நீட்டித் தடுத்தார். "இப்பப் போயிக் கிளம்புறீங்களே. வியாழக்கிழமை ஒன்றரையிலேருந்து மூணு வரைக்கும் ராகு காலம். நல்ல காரியமா அலையுறீங்க, மூணுக்கு மேல போங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னதற்காக அல்ல.

"சுப்பராயலு, பெட்டியிலிருந்த சாமானில் உனக்குக் கிடைத்தது ஏதாவது உண்டா?"

"ரெண்டு கிடைச்சுது. திசைகாட்டி ஒண்ணு, தேக்குப் பெட்டி ஒண்ணு. அதுல எவனும் குறுக்க வரல. அந்த பிளாக்கு ஈகிளுக்குப் பிடிக்கல போலருக்கு."

"தமிழினி, எல்லா ஏலமும் முடிந்த நேரத்தைப் பார்."

அவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். திசைகாட்டி, வியாழன் இரண்டு மணி. தேக்குப் பெட்டி, செவ்வாய் நாலு மணி. எழுந்து தினசரிக் காலண்டரின் தாளைப் புரட்டினேன். இரண்டுமே ராகு காலம். போன மூன்றின் நேரங்களையும் ஒத்துப் பார்த்தேன். ஒன்றுகூட ராகு காலத்தில் விழவில்லை.

"ஆனா சுப்பராயலு மாமாவும் ராகு காலம் பாக்குறவருதானே சார்," என்றாள் தமிழினி. "அவரு மட்டும் எப்படிக் கேட்டாரு?"

"நான் முதல் நாளே நல்ல நேரத்துல போட்டுடுவேம்மா," என்றான் சுப்பராயலு. "உச்சத்தைச் சொல்லிட்டா வெப்சைட்டே அதை மறைச்சு வச்சுக்கிட்டு, எதிராளி ஏத்த ஏத்த நமக்காகக் கேட்டுக்கிட்டுப் போவும்."

அதுதான் வித்தியாசம். நேர்மையாகக் கேட்பவனுக்கு நேரம் தன் கையில். முதல் நாள் கேட்கலாம், நல்ல வேளையில் கேட்கலாம். பதுங்கிக் கேட்பவன் கடைசி நொடிக்கு அடிமை. கடைசி நொடி ராகு காலத்தில் விழுந்தால் அவன் கை எழவில்லை. எவ்வளவு பெரிய கழுகு!

"சார், ஒரு சின்னத் திருத்தம்," என்றாள் தமிழினி. "கடைசி நொடியில கேக்கறது கை இல்ல. அதுக்குன்னு சாஃப்ட்வேர் இருக்கு. என்னைக்கு, எத்தனை மணிக்கு, எவ்ளோன்னு சொல்லி வச்சுட்டா அதுவே போயிக் கேட்டுடும். ஆளு தூங்கலாம், சினிமா பாக்கலாம். நானே ஒரு கேமராவுக்கு ஆசைப்பட்டு அதுகிட்டத் தோத்திருக்கேன்."

"அப்படியானால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டியதே இல்லை?"

"வேண்டியதே இல்ல. வடை தின்னலாம்."

அவள் அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். நானும் அப்போது அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். மெஷினுக்கு ராகு காலம் தெரியாது. அதற்கு நேரம் குறித்துக் கொடுப்பவனுக்குத் தெரியும். யார் அவன்? ராகு காலத்தில் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட கிறிஸ்தவப் பெண் அல்ல. இத்தனை நாள் சுப்பராயலு எந்தக் குற்றத்தைச் சொல்லி அவளைத் திட்டினானோ, அதுவே அவளுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை ராஜவேலுவும் அல்ல. அவன் சிதம்பரத்தில் மனை விற்பவன். ஓய்ந்த நேரத்தில் மேடையேறி மூடநம்பிக்கையைக் கிழிப்பவன். ராகு காலத்தைக் கேலி பேசியே பெயர் வாங்கியவன். மீதி யார்?

பூவராகன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

தெருவுக்கு வந்ததும் தமிழினி கேட்டாள். "பூவராகன் மாமாவையா சந்தேகப்படுறீங்க? டிவி ரிமோட்ல தெரியாம மியூட் அமுக்கிட்டு, டிவி ரிப்பேர்னு மெக்கானிக்கைக் கூட்டியாந்தவரு சார் அவரு."

"திருடர்கள் மக்காக நடிப்பார்கள்."

"இவ்ளோ நல்லா நடிச்சா சினிமாவுக்குப் போயிருப்பாரு."

அன்று சாயங்காலம் பொறி வைத்தோம். பொறி என்று சொல்ல அதில் பெரிய வித்தை இல்லை. மூன்று பேருக்கு மூன்று தொகை. சிதம்பரத்துக்குப் போகும் போனில் சுப்பராயலு வழக்கம்போல் பதினைந்தாயிரம் என்று கத்த வேண்டும். போனில் கத்தியது பொய், நிஜம் பதினெட்டு என்று பூவராகனிடம் தனியாகச் சொல்ல வேண்டும். உண்மையான உச்சம் இருபதாயிரம். அது பிரிசில்லா ஒருத்திக்கு மட்டும். அவள்தான் அதைத் தட்டிப் போட வேண்டும். ஏலம் முடிந்த பிறகு தோற்றவர்கள் கேட்ட தொகையும் பட்டியலில் வந்துவிடும். எந்தத் தொகையோடு ஒரு ரூபாய் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ, அந்தத் தொகையைக் கேட்ட காதுதான் திருட்டுக் காது.

"அவகிட்டயா உண்மையைச் சொல்றது?" சுப்பராயலு எழுந்தே விட்டான். "அவளே அந்த ஈகிளா இருந்தா? இருபதாயிரத்து ஒண்ணுன்னு போட்டு எடுத்துக்கிட்டுப் போயிடுவாளே!"

"போய்விடும்."

"பதக்கம்யா! எங்க தாத்தா பதக்கம்!"

"இத்தனை நாள் அவள் மேல் பழியைப் போட்டாய். ஒரு நாள் பொறுப்பைப் போட்டுப் பார்."

அவன் தாத்தாவின் படத்தை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "இந்தா பொண்ணு," என்றான். "இருபதுன்னு போடு. வேற யாருக்கும் தெரியக்கூடாது. புருஷனுக்கும்தான்."

பிரிசில்லா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து தட்டினாள். தட்டி முடித்ததும் திரையை அவன் பக்கம் திருப்பினாள். "பாத்துக்குங்க மாமா. சைபர் சரியா இருக்கா?"

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறிச் சிதம்பரம் வந்தோம். எனக்கு வர விருப்பமில்லை. கடலூரில் பூவராகன் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் போனில் பதினைந்து என்று கேட்ட வீடு இங்கே இருக்கிறது. ஒரு வீட்டை விட்டுவிட்டு விசாரணை செய்யும் பழக்கம் எனக்கில்லை. பூவராகனைச் சுப்பராயலு தன் பக்கத்திலேயே பிடித்து வைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

ராஜவேலு அன்று தெற்கு வீதியில் ஒரு மண்டபத்தில் பேசுகிறான் என்று வாசலில் பேனர் சொன்னது. தலைப்பு: 'நேரம் என்ன செய்யும்?' பதினோரு மணிக் கூட்டம். பதினொன்றரைக்கு நாங்கள் போனபோது மேடை காலி. நாற்காலிகளில் ஆட்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். மைக்கைத் தட்டித் தட்டி ஒருவர், "அன்பர் ராஜவேலு வந்துகொண்டே இருக்கிறார்," என்றார்.

அன்பர் எப்போதோ வந்துவிட்டிருந்தார். மண்டபத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வெள்ளைக் கார் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே ராஜவேலு காதில் போனை வைத்துக்கொண்டிருந்தான். அமைப்பாளர் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். முக்கியமான கால் என்று விரலைக் காட்டி அவரை அனுப்பிவிட்டான்.

தமிழினி கைக்குட்டையைத் தவறவிட்டவள் போலக் காரை ஒட்டிக் குனிந்துவிட்டு வந்தாள்.

"யாரோடு பேசுகிறான்?"

"யார்கூடவும் இல்ல சார். போன் ஸ்கிரீன் செத்துக் கெடக்குது. வாட்சை மட்டும் பாத்துக்கிட்டே இருக்காரு. பிரசவ வார்டு வாசல்ல புள்ள பொறக்கக் காத்துக் கெடக்கிற மாதிரி."

எனக்கு ஏதோ உறைத்தது. "இன்றைக்கு வெள்ளிக்கிழமை," என்றேன்.

"ஆமா சார். பத்தரையிலேருந்து பன்னண்டு." அவள் கண்கள் விரிந்தன. "ஐயோ சார்!"

பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிடம் கழித்துக் காரின் கதவு திறந்தது. பகுத்தறிவு வீரன் வலது காலை முதலில் எடுத்துத் தரையில் வைத்தான். வேட்டியை உதறிவிட்டுக்கொண்டு மேடைக்கு நடந்தான்.

உண்மையான நாத்திகர்களை எனக்குத் தெரியும். ராகு காலத்தில் மகளுக்குத் தாலி கட்ட வைத்து, அதே வேளையில் பந்தியும் போட்டவர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்தார். அவர் சொன்னதை நான் ஒத்துக்கொண்டதில்லை. அவரைக் கண்டால் எழுந்து நிற்பேன். இவனைக் கண்டு எழுந்து நிற்க வேண்டியது கார் டிரைவர் மட்டும்தான். அவனுக்குச் சம்பளம் உண்டு.

தமிழினியை எதிரிலிருந்த பிரவுசிங் சென்டருக்கு அனுப்பினேன். நான் கடைசி வரிசையில் நின்றேன்.

"தோழர்களே!" ராஜவேலுவின் குரல் மண்டபத்தை நிறைத்தது. "ராகு காலம் என்கிறான், எமகண்டம் என்கிறான். கடிகாரத்துக்குப் பயந்து சாகிறான். கடிகாரம் மனிதன் செய்தது. மனிதன் அதற்கு அடிமையா?"

கைதட்டல். என் கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டே கால் ஆனது. அந்த நொடியில் ராஜவேலு இரண்டு கைகளையும் மேலே தூக்கி, "இந்தக் கைகள்தான் நம் விதியை எழுதுகின்றன!" என்று முழங்கிக்கொண்டிருந்தான். மண்டபம் நிறைய சாட்சிகள். தொலைநோக்கி போன அன்று மாமனார் சாட்சி. இவ்வளவு வசதியான மெஷினைக் கண்டுபிடித்தவன், இது இப்படிப்பட்டவன் கைக்குப் போகும் என்று ஒரு தடவையாவது யோசித்திருப்பானா?

பேச்சு முடியுமுன் தமிழினி வந்துவிட்டாள். ஒரு தாளை நீட்டினாள். அவள் வாயில் வேடிக்கை எதுவும் இல்லை.

"பதக்கம்?"

"மாமாவுக்குத்தான் சார். ஜெயிச்சாச்சு."

"தோற்றது?"

"பிளாக் ஈகிள். பதினஞ்சாயிரத்து ஒண்ணு."

பதினெட்டாயிரத்து ஒன்று அல்ல. பூவராகன் கடலூரில் நிம்மதியாக வெற்றிலை மென்றுகொண்டிருப்பார். நான் அவரைச் சந்தேகப்பட்டது எனக்குள்ளேயே இருக்கட்டும் என்று தமிழினியைப் பார்த்தேன்.

"நான் ஒண்ணும் சொல்லலியே சார்," என்றாள்.

மேடையில் ஏறி அவன் மானத்தை வாங்கியிருக்கலாம். ஆனால் அவன் கட்டியிருப்பது என் நண்பனின் மகளை. கூட்டம் முடிந்து சால்வையோடு மேடைக்குப் பின்னாலிருந்த அறைக்கு வந்தவனைக் கதவைச் சாத்திக்கொண்டு சந்தித்தேன். தாளை மேஜையில் வைத்தேன்.

"என்ன சார் இது?"

"உன் கழுகு இன்றைக்கு எலியைக்கூடப் பிடிக்கவில்லை."

அவன் தாளைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "என்ன பேசுறீங்க? பன்னண்டே காலுக்கு நான் மேடையில இருந்தேன். ஊரே பாத்துச்சு."

"மெஷின் கேட்டது. நீ முன்கூட்டியே சொல்லி வைத்தாய். பதினைந்தாயிரம்தான் உச்சம் என்று நேற்று நம்பிய வீடு உன் வீடு ஒன்றுதான்."

"அமராவதி யாருகிட்டயாவது சொல்லியிருப்பா. எனக்கு இந்தச் சாமான்லாம் எதுக்கு சார்? ஓட்டைக் கூஜாவும் பித்தளை மணியும்! ஒரு ரூபா கூட வச்சுக் கூஜா எடுக்கிற நிலைமையிலயா நான் இருக்கேன்?"

அந்தச் சொல்லில்தான் எனக்கு முழுசும் விளங்கியது. அதுவரை அந்த ஒரு ரூபாயைக் கஞ்சத்தனம் என்று நினைத்து வெறுத்துக்கொண்டிருந்தேன். கஞ்சனிடம் நான் கொஞ்சம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"ஐநூறு கூட வைத்திருந்தால் எவனோ ஒரு வெளியூர்க்காரன் என்று சுப்பராயலு விட்டிருப்பான்," என்றேன். "நீ வேண்டுமென்றே ஒரே ரூபாய் வைத்தாய். தொகை உள்ளேயிருந்து கசிகிறது என்று அவனுக்கு உறைக்க வேண்டும். தொகையைத் தட்டுகிற பெண் மேல் பழி விழ வேண்டும். விழாவிட்டால் வடையை மென்றுகொண்டே நீ எடுத்துக் கொடுப்பாய். கூஜாவுக்காக நீ வரவில்லை. அந்தப் பெண்ணும் அன்பரசும் வெளியே போனால், முதுநகர் வீடு உன் மனைவி பேருக்கு வரும். மனை விற்கிறவனுக்கு வீட்டின் விலை தெரியாதா?"

அவன் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. சால்வையை எடுத்து நாற்காலியில் போட்டான். "இதெல்லாம் நிரூபிக்க முடியாது."

"கோர்ட்டில் முடியாது. கோர்ட்டுக்குப் போகிறதாகவும் இல்லை." நான் தமிழினியிடம் கைநீட்டினேன். அவள் செல்போனை எடுத்து, ஸ்பீக்கரை அழுத்தி மேஜையில் வைத்தாள்.

"கடலூர்ல கேட்டுக்கிட்டுதான் இருந்தாங்க சார், வாசல்லேருந்தே லைன்ல போட்டுட்டேன்," என்றாள் என் காதோடு.

சுப்பராயலுவின் குரல் அறையை அடைத்தது. எதிர்வீட்டுக்குக் கேட்கும் அந்தக் குரல், இன்று மனிதன் பக்கத்திலிருந்து பேசுவது போல நிதானமாக வந்தது.

"மாப்ள."

"மாமா, இவுங்க சொல்றதை—"

"நீ பேசாத. மூணு சாமானும் உன்கிட்ட இருக்குது. நீ குடுத்த காசு உனக்கு வந்துடும், எங்களுக்குப் பிச்சை வாண்டாம். அமராவதிக்கு இது தெரிய வாண்டாம். அவ தலை குனியக்கூடாது, அவ என் பொண்ணு. ஆனா சாமானை நீயே தூக்கிக்கிட்டு வரணும். வந்து என் கையில குடுக்கக்கூடாது."

"பின்ன?"

"என் மருமவ கையில குடுக்கணும். ஒவ்வொண்ணா. அவ வாங்கி வைக்கிறதை நான் நின்னு பாக்கணும்."

போனின் மறுபக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. யாரும் அதை எடுக்கவில்லை போலிருக்கிறது. அது உருண்டு தானே நின்றது.

"சரி மாமா," ராஜவேலு உதட்டை நனைத்துக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை காலையில வர்றேன்."

"ஞாயித்துக்கிழமை வாண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை வா. பதினோரு மணிக்கு. முன்னயும் வரக்கூடாது, பின்னயும் வரக்கூடாது."

"மச்சான்!" பூவராகனின் பதறிய குரல் பின்னாலிருந்து கேட்டது. "வெள்ளிக்கிழமை பதினோரு மணின்னா அது—"

"தெரியும்யா. என் புள்ளையும் அவளும் கையெழுத்துப் போட்ட நேரம். அந்த நேரத்துலதான் எங்க தாத்தா சாமான் இந்த வீட்டுக்குள்ள வரணும். கதவை நானே தொறந்து வைக்கிறேன்."

அறுபது வருஷத்துக்கு மேலாக அந்த நேரத்தில் வாசற்படி தாண்டாத மனிதன் அவன். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. ஆனால் பிரிசில்லாவுக்குப் புரிந்திருக்கும்.

ராஜவேலுவின் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. மண்டபத்தில் இன்னும் அவன் பேச்சைப் புகழ்ந்துகொண்டே ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். அவன் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு போன் பக்கம் குனிந்தான்.

"மாமா... சாமானெல்லாம் தர்றேன். மருமவகிட்டயே தர்றேன். ஆனா நேரம் மட்டும்... ஒரு பன்னண்டு மணிக்கு மேல..."

தமிழினி வாசலில் மாட்டியிருந்த பேனரின் தலைப்பை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏன் சார்?" என்றாள் மிகவும் மரியாதையாக. "நேரம் என்ன செய்யும்?"